முதல் கோப்ளினைத் தாண்டும் கேரக்டர்

நெவர்வின்டர் நகரிலிருந்து ஃபாண்டலின் என்ற சிற்றூருக்கு ஒரு சாமான் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. வழியில் பாதையை மறித்து இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். ஓரத்துப் புதர்களில் கோப்ளின்கள் என்ற நான்கு குட்டிப் பூதங்கள் பதுங்கியிருக்கின்றன. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கு 2014இல் வெளியான ஆரம்பப் பெட்டியின் முதல் சண்டை இது. புதியவர்களின் கேரக்டர்கள் சுருண்டு விழுவதற்குப் பேர்போன இடமும்கூட.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி, 1974இல் வெறும் ஆயிரம் பிரதிகளோடு வெளிவந்த விளையாட்டு இது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டே ஆடுவது இதைத்தான். 2023இல் பரிசுகளை அள்ளிய ‘பால்டர்ஸ் கேட் 3’ கம்ப்யூட்டர் கேமும் இதன் விதிகளை வைத்து எழுந்ததுதான். டன்ஜன் மாஸ்டர் என்ற ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக நடமாடுவார்கள். ஒரு காரியம் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்ததோடு கேரக்டரின் திறனைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் கேரக்டரை ஆடுபவரே காகிதத்தில் உருவாக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். உண்மையில் அதற்கு வேண்டியவை இரண்டே தகுதிகள். முதல் சண்டையில் தாக்குப்பிடிக்க வேண்டும். பத்தாவது வாரத்திலும் ஆடுபவருக்கு அலுக்கக் கூடாது. முதலாவதற்குக் கொஞ்சம் கணக்கு போதும். இரண்டாவதற்குக் கணக்கு உதவாது.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். உடல்பலம், சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு திறன்கள். அந்தக் காலத்தில் ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டி, விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மந்திரவாதியாக ஆசைப்பட்டவருக்கு அறிவில் ஆறு விழுந்தால் அது அவர் தலையெழுத்து. இன்றைய விதிகளுக்கு இரக்கம் அதிகம். நான்கு பகடை உருட்டி, இருப்பதிலேயே சிறியதைக் கழித்துவிடலாம். 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை விலைக்கு வாங்கலாம். எதுவும் வேண்டாமென்றால் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த எண்களை இஷ்டம்போல் பங்கிட்டுக்கொள்ளலாம். முதல் ஆட்டத்துக்கு இந்த ஆயத்த எண்களே உத்தமம். பகடை உருட்டுவதில் கிளர்ச்சி இருக்கிறதுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பதினேழும் பதினாறுமாக விழுந்து, தனக்கு ஒன்பதும் பத்துமாக விழுந்தால் அந்த வயிற்றெரிச்சலோடு மாதக்கணக்கில் ஆட வேண்டியிருக்கும்.

பகடையோடு சேர்வது இந்த எண்களிலிருந்து பிறக்கும் கூட்டல். 10, 11 என்றால் கூட்டல் பூஜ்யம். 12, 13 என்றால் ஒன்று. 14, 15 என்றால் இரண்டு. 16 என்றால் மூன்று. 8 இருந்தால் ஒன்று குறையும். அதாவது 14க்கும் 15க்கும் ஆட்டத்தில் வித்தியாசமே தெரியாது. கேரக்டரின் இனத்தாலோ பின்னணியாலோ ஒரு புள்ளி உபரியாகக் கிடைத்தால், அதை 15இன் மேல் போட்டு 16 ஆக்குவதுதான் லாபம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் தாங்குதிறன். மந்திரவாதிக்கு உடம்பு எதற்கு என்று அங்கே எட்டைத் தள்ளிவிடுவார்கள். 2014 விதிகளின்படி முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி, அதாவது அவர் தாங்கக்கூடிய சேதம், ஆறு. தாங்குதிறன் எட்டாக இருந்தால் ஒன்று குறைந்து ஐந்து. கோப்ளினின் அம்பு பட்டால் சேதம், ஆறு முகப் பகடையில் விழுவதோடு இரண்டு. பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் போதும், ஆள் நினைவிழந்து கீழே விழுவார். ஆறில் நான்கு வாய்ப்பு. அதே மந்திரவாதிக்குத் தாங்குதிறன் 14 இருந்தால் உயிர்ப்புள்ளி எட்டு. பகடையில் ஆறே விழுந்தால்தான் ஒரே அம்பில் வீழ்த்த முடியும். ஒரு திறனை இடம் மாற்றி எழுதியதற்கு இவ்வளவு பலன். அவர் நின்றுவிட்டால் அடுத்தது அவர் முறை. 2014 விதிகளின் தூக்க மந்திரத்தை எடுத்துவிட்டால், ஏழேழு உயிர்ப்புள்ளி கொண்ட கோப்ளின்களில் சராசரியாக மூன்று பேர் குறட்டை விடுவார்கள்.

ஆக, தொழிலுக்கான திறனில் பெரிய எண், தாங்குதிறனில் அடுத்ததோ அதற்கு அடுத்ததோ. மற்றவை எப்படி விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

எந்தத் தொழிலை எடுப்பது? போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று மொத்தம் பன்னிரண்டு இருக்கின்றன. மந்திரவாதியின் கவர்ச்சி தனி. ஆனால் முதல் நாளே அவர் புத்தகத்தில் ஆறு மந்திரங்கள், அது போக மூன்று சின்ன மந்திரங்கள். எது எப்போது, எவ்வளவு தூரத்துக்கு என்று எல்லாவற்றையும் படித்து வைத்திருக்க வேண்டும். படிக்கப் பிடித்தவர்களுக்கு அது சுகம். மற்றவர்கள் தங்கள் முறை வரும்போதெல்லாம் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார்கள், மேசையே காத்திருக்கும். போர்வீரன் எளிது. வெட்டு விழ, பகடையின் கூட்டுத்தொகை எதிரியின் கவச எண்ணை எட்ட வேண்டும். உடல்பலம் 16 தரும் மூன்றோடு பயிற்சிக்கான இரண்டையும் சேர்த்து, கவச எண் 15 உள்ள கோப்ளினை இருபதுக்குப் பதினொரு முறை வெட்டிவிடுவான்.

இனி அலுக்காமல் இருக்கும் சங்கதி. இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு: யாரோடும் பேசாத, மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் மர்ம மனிதன். ஆர்.ஏ. சால்வடோர் 1988இல் எழுதிய ‘தி கிரிஸ்டல் ஷார்ட்’ நாவலில் அறிமுகமான ட்ரிஸ்ட் என்ற இருண்ட எல்ஃப் இந்த மோகத்துக்குப் பெரிய காரணம். தன் கொடிய இனத்தை உதறி வந்தவன், இரு கையிலும் வளைந்த வாள், துணைக்குக் கருஞ்சிறுத்தை. அவனைப் பார்த்து வாள்களையும் சோகத்தையும் நகலெடுத்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். ட்ரிஸ்டுக்குப் புரூனர், கேட்டிபிரி, வுல்ஃப்கர், ரீஜிஸ் என்று உயிர்த்தோழர்களின் கூட்டமே உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் அவனுக்குக் கதையே கிடையாது. ஐந்து பேர் உட்கார்ந்து ஆடும் மேசையில் தனிக்காட்டு ராஜா அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால், மற்ற நால்வர் ஆடுவதை வேடிக்கை பார்க்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.

ஆகவே பூர்வகதை எழுதுமுன் ஒரு கேள்விக்கு விடை இருப்பது நல்லது: இந்தக் கேரக்டர் ஏன் இந்தக் கூட்டத்தோடு போக வேண்டும்? கூட்டத்தில் ஒருவனிடம் பட்ட கடன், ஃபாண்டலினில் இருக்கும் அத்தை, எதுவாக இருந்தாலும் சரி. அது இருந்தால் பூர்வகதைக்கு நாலு வரி போதும். இருபது பக்கம் எழுதிக்கொண்டு வருபவரைப் பார்த்து டன்ஜன் மாஸ்டர்கள் சிரித்துத் தலையாட்டுவார்கள். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

குறை ஒன்றும் வேண்டும். 2014 விதிநூலே குணம், கொள்கை, பந்தம், குறை என்று நான்கையும் எழுதச் சொல்கிறது. பலர் இங்கே ‘கோபம் அதிகம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதனால் ஆட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. பால்டர்ஸ் கேட் 3இல் வரும் கேல் என்ற மந்திரவாதியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவன் மார்புக்குள் ஓர் ஆபத்தான சக்தி புகுந்திருக்கிறது. அதை அடக்க மந்திரப் பொருள்களின் சக்தியை உறிஞ்சியாக வேண்டும். பாடுபட்டுத் தேடிய மோதிரத்தை அவனிடம் கொடுப்பதா, விரலில் போட்டுக்கொள்வதா என்று ஆடுபவர் திண்டாடுகிறார். கையிலிருந்து ஏதாவது போக வைக்கும் குறைதான் கதையை நகர்த்தும்.

எடுத்த தொழில் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? அதே கேமில் நூறு பொன் கொடுத்தால் விதர்ஸ் என்ற எலும்புருவம் கேரக்டரின் தொழிலையே மாற்றிக் கொடுக்கும். மேசையில் விதர்ஸ் கிடையாது. டன்ஜன் மாஸ்டரைக் கேட்க வேண்டும். முதல் இரண்டு மூன்று அமர்வுகளுக்குள் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்.

செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். அடிப்படை விதிகளின் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அந்த 2014 ஆரம்பப் பெட்டியில் ஏற்கெனவே நிரப்பிய கேரக்டர்கள் ஐந்து இருக்கும். முதல் ஆட்டத்துக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கடைசியில் எஞ்சுவது பெயர். இதற்காக ஒரு மாலை முழுவதையும் செலவழிப்பவர்கள் உண்டு. கைகாக்ஸின் மகன் சிறுவனாக இருந்தபோது ஆடிய கேரக்டர் ஓர் ஆண் எல்ஃப். தாளில் ஆண் என்பதற்கு ‘எம்’ என்ற ஒற்றை எழுத்தும் பக்கத்தில் ‘எல்ஃப்’ என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் சேர்த்து மெல்ஃப் என்று பெயராகிவிட்டது. மெல்ஃபின் அமில அம்பு என்ற மந்திரம் இன்றும் விதிநூலில் இருக்கிறது. இலவசத் தொகுப்பில் மட்டும் மெல்ஃபை எடுத்துவிட்டு, வெறும் அமில அம்பு என்று போட்டிருக்கிறார்கள்.