கறுப்புப் புள்ளி ரெண்டு தெரியுதா?

மெக்லாரன் எஃப்1 காரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்டன் மர்ரே வடிவமைத்தது. ஓட்டுநர் நட்டநடுவில் உட்காருவார், முதுகுக்குப் பின்னால் பி.எம்.டபிள்யூ.வின் 12 சிலிண்டர் இன்ஜின் உறுமும். மொத்தமே 106 கார்கள்தான் செய்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவில் ஒன்று ஏலம் போனபோது விலை 2 கோடி டாலரைத் தாண்டியது. அந்தக் காரில் கோளாறு என்றால் அதனோடு பேச மெக்லாரன்காரர்கள் வெளியே எடுத்தது எது தெரியுமா? 1990-களின் காம்பேக் எல்.டி.இ. 5280 லேப்டாப்! ஒரு பழைய லேப்டாப் இல்லாவிட்டால் 2 கோடி டாலர் கார் ஊமை!

காரணம், அந்த லேப்டாப்புக்குள் செருகியிருந்த ஒரு தனி கார்டு. டாஸில் ஓடும் மென்பொருளுக்கும் காருக்கும் நடுவில் நின்று பேசியது அதுதான். பழைய காம்பேக்குகள் கிடைப்பது அரிதாகிவருவதால், இன்றைய லேப்டாப்புகளோடு ஒத்துப்போகும் இணைப்பு ஒன்றைத் தயாரித்து வருவதாக 2016-ல் மெக்லாரனே சொன்னது.

இதே கூத்து கொஞ்சம் சின்ன அளவில் நம் ஊரிலும் நடக்கிறது. பி.எம்.டபிள்யூ. 2007-ல் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை திறந்து, முதலில் 3 சீரிஸ் கார்களைக் கட்டி வெளியே அனுப்பியது. ஈ90 என்று கார்ப்பித்தர்கள் செல்லமாகச் சொல்லும் தலைமுறை. அந்தக் கார்கள் இன்று மூன்றாவது, நான்காவது ஓனரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷோரூம் பில்லைப் பார்த்து மிரண்டவர்கள் வந்து சேர்வது சின்ன ஒர்க்‌ஷாப்புகளுக்கு. அங்கே, கிரீஸ் துணிக்குப் பக்கத்தில், லேப்டாப்பில் ஓடுவது இன்பா.

பி.எம்.டபிள்யூ. பொறியாளர்களின் உபயோகத்துக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. சாம்பல் நிறத் திரை, பாதி ஜெர்மன், கீழே எஃப்1 முதல் எஃப்10 வரை பட்டன்கள். எஃப்4 அமுக்கினால் பிழைப் பதிவு, எஃப்5-ல் நேரடி அளவுகள், எஃப்6-ல் பாகங்களை நாமே இயக்கிப் பார்க்கலாம். எஃப்6-தான் எனக்கு உயிர்! இதற்கு அடியில் எடியாபாஸ் என்ற இன்னொரு மென்பொருள் இருக்கிறது. காரிலுள்ள ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியோடும் அதனதன் மொழியில் பேசுவது அதுதான். இன்பா வெறும் முகம்.

சரி, இதைப் புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் போட்டால் ஏன் முரண்டு பிடிக்கிறது? திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

முதல் முட்டுக்கட்டை 16 பிட் சமாசாரம். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11-க்கோ 64 பிட் தவிர வேறு வடிவமே கிடையாது. பழைய நிரல்களில் பல 32 பிட்தான், நிம்மதியாக ஓடும். ஆனால் அதைக் கணினிக்குள் இறக்கும் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருந்து தொலைக்கும். வாசலிலேயே வேலை நின்றுவிடும்.

அதைத் தாண்டினால் காம் போர்ட், காரிலிருந்து வரும் கேபிள் கணினியோடு பேசும் வழி. இன்பா தானாகப் போர்ட்டைத் தேடாது. ஓ.பி.டி. டாட் ஐ.என்.ஐ. என்ற குட்டி ஃபைலில் காம் 1 என்று எழுதியிருந்தால் அங்கே மட்டும்தான் காது கொடுக்கும். புது லேப்டாப்போ யு.எஸ்.பி. கேபிளுக்கு காம் 7, காம் 12 என்று வாய்க்கு வந்த எண்ணைக் கொடுக்கும். டிவைஸ் மேனேஜரில் போய் எண்ணை மாற்றிக்கொடுத்தால் சமாதானம்.

நான் வாய் பிளந்தது அடுத்த இடத்தில். எல்லாம் சரியாக இருக்கிறது, கேபிளில் விளக்கு மினுக்குகிறது, திரையில் மட்டும் ஐ.எஃப்.எச்-0009 என்று பிழை. காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி பதில் சொல்லவில்லையாம். அம்பத்தூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, கேபிள் போயிடுச்சா?"

"கேபிளெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. லேட்டன்சியை மாத்தலை, அதான். டேய் தம்பி, அந்தப் பதினாறை ஒண்ணாக்குடா."

பதினாறு என்றால் 16 மில்லி செகண்ட். கேபிளுக்குள் இருக்கும் எஃப்.டி.டி.ஐ. சிப் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆள் நிறைந்தால் கிளம்பும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பும். கார் அனுப்பும் பதில்கள் குட்டிக் குட்டியானவை, சிப் நிறையவே நிறையாது. ஆகவே ஒவ்வொரு பதிலும் அந்த 16 மில்லி செகண்டைக் காத்துத் தீர்க்கிறது. இன்பா அதற்குள் பொறுமை இழந்து, கார் பேசவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. கேபிளின் டிரைவர் மென்பொருள் அமைப்பில் ஒரே ஒரு எண்ணை 1 என்று மாற்றியதும் திரையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் பளிச்சென்று வந்தன. ஒன்று பேட்டரிக்கு, ஒன்று இக்னிஷனுக்கு. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் எஃப்6! டேஷ்போர்டு பகுதிக்குப் போய் ஒரு பட்டனைத் தட்டினால், நின்றுகொண்டிருக்கும் காரின் ஸ்பீடோமீட்டர் முள் கடைசி எண் வரை ஓடித் திரும்புகிறது. இன்னொரு பட்டனுக்கு ஜன்னல் கண்ணாடி இறங்குகிறது. காருக்குள் ஆளே இல்லை! இந்த விளையாட்டுக்கு உருப்படியான பயன் உண்டு. மென்பொருள் சொல்லிக் கண்ணாடி இறங்கி, கதவு சுவிட்சை அமுக்கினால் இறங்கவில்லை என்றால், மோட்டாரை வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. கோளாறு சுவிட்ச் பக்கம்.

கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. சந்தையில் போலி சிப் நிறைய. 2014-ல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. நேற்று வரை ஓடிய கேபிள்கள் காலையில் செத்துக் கிடந்தன. பெரிய கூச்சலுக்குப் பிறகு அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலியை ஒழிக்கும் ஆத்திரம் புரிகிறது. ஆனால் தெரியாமல் வாங்கியவன் தலையில் கை வைத்தது அநியாயம் என்பேன்.

எல்லாவற்றையும் புது விண்டோஸுக்குள் திணித்தே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வால்வோவின் பழைய விடா மென்பொருள் விண்டோஸ் 7-ஐயும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் எதிர்பார்க்கும் ஜாதி. அதற்கு விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற ஒன்றில், கணினிக்குள்ளேயே இன்னொரு பழைய கணினியை உருவாக்கி, யு.எஸ்.பி. கேபிளை அதற்குத் தாரை வார்ப்பதே உத்தமம். 1990-களின் பி.எம்.டபிள்யூ.க்கள் சிலவற்றுக்கு அதுவும் உதவாது. அவற்றின் இணைப்புப் பெட்டி நிஜமான சீரியல் போர்ட்டைக் கேட்கும், யு.எஸ்.பி. மாற்றியை மதிக்காது. அதற்கு ஒரு கிழட்டு லேப்டாப்தான் கதி. மெக்லாரனே அப்படித்தான் காலம் தள்ளியது, நமக்கென்ன வெட்கம்?

புது விண்டோஸ் பழைய டிரைவரைத் தடுத்தால், உடனே பாதுகாப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லும் அறிவுரைகள் வரும். வங்கிக் கணக்கு பார்க்கும் லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள். முதலில் புது டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். கைமாறிக் கைமாறி வரும் இன்பா நகல்களில் வைரஸும் சேர்ந்து வரலாம். இந்த வேலைக்கென்று இன்டர்நெட் இல்லாத தனி லேப்டாப் இருப்பது நல்லது.

ஆசையில் கை பரபரக்கும்போது நினைவில் வைக்க இரண்டு. பிழைப் பதிவை அழிக்கும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்குக்கு அதுதான் துப்பு. கோடிங், புரோகிராமிங் என்று காருக்குள் எதையாவது எழுதும் வேலையை, பேட்டரியில் தாங்கு சார்ஜர் மாட்டாமல் தொடவே தொடாதீர்கள். ஈ90-ன் விளக்குகளையும் கண்ணாடிகளையும் ஆளும் கால்மாட்டுப் பெட்டி, வோல்டேஜ் சரிந்தால் உள்ளிருக்கும் தரவு கெட்டுப் படுத்துவிடுவதில் பேர்போனது.