பிறந்த மண்ணும் வளர்ந்த மண்ணும்

2002ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், தென்கொரியாவின் தலைநகர் சோலில் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் தொடக்க ஆட்டம் நடைபெற்றது. நடப்பு வெற்றியாளரான பிரான்சை, முதன்முறையாகத் தகுதி பெற்ற செனகல் எதிர்கொண்டது. பிரான்சின் நடுத்திடல் ஆட்டக்காரர் பேட்ரிக் வியேராவுக்கு அது வழக்கமான ஆட்டமன்று. ஏனெனில், அவர் பிறந்த நாடு செனகல். வளர்ந்த நாடு பிரான்ஸ்.

வியேரா 1976ஆம் ஆண்டு செனகலின் தலைநகரான டக்காரில் பிறந்தார். எட்டு வயதில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார். 17 வயதில் கான் காற்பந்துக் கழகத்தின் முதன்மைக் குழுவில் இடம்பிடித்தார். 19 வயதிலேயே அக்குழுவின் தலைவரானார்.

நடுத்திடல் ஆட்டக்காரரின் பணி பெரும்பாலும் கண்ணில் படாதது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், அதைத் தாக்குதல் ஆட்டக்காரர்களிடம் சேர்ப்பதும் அவருடைய கடமைகளாகும். 1998 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய வியேரா, இறுதி நிமிடங்களில் பந்தைத் தம் சக ஆட்டக்காரர் பெட்டிக்கு அனுப்பினார். பெட்டி அதைக் கோலாக்கினார். பிரான்ஸ் 3-0 எனும் கோல் கணக்கில் பிரேசிலை வென்றது.

1996இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தில் சேர்ந்த வியேரா, பின்னர் அதன் தலைவரானார். அவருடைய தலைமையில் 2003/2004 பருவத்தில் ஆர்சனல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

சோலில் நடந்த ஆட்டத்தில் செனகல் 1-0 என வென்றது. செனகல் ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் பிரெஞ்சுக் கழகங்களில் விளையாடியவர்கள். பிறந்த மண் மகிழ்ந்த அந்நாளில், வியேரா தோற்ற அணியில் நின்றார்.

எனினும், அவருக்கும் செனகலுக்கும் இடையிலான உறவு அத்துடன் அறுந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு, அவரும் நண்பர்கள் சிலரும் இணைந்து செனகலில் டியாம்பார்ஸ் எனும் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினர். அங்குச் சிறுவர்கள் காற்பந்துடன் பள்ளிப் பாடங்களையும் கற்கின்றனர். எல்லாராலும் தொழில்முறை ஆட்டக்காரராக முடியாது. கல்வியோ அனைவருக்கும் கைகொடுக்கும்.

பிரான்சுக்காக 107 ஆட்டங்களில் விளையாடிய வியேரா, 2011இல் ஓய்வுபெற்றுப் பயிற்றுநரானார். செனகலின் சீருடையை அவர் ஒருமுறைகூட அணிந்ததில்லை. ஆயினும், வளர்ந்த மண்ணுக்குத் தம் ஆட்டத்தையும், பிறந்த மண்ணின் சிறுவர்களுக்கு ஒரு வாய்ப்பையும் வழங்கினார்.