சிறைக்குள் கிடைத்த அமைதி

ஊரிலிருந்து உறவினர் வந்தால் சார்மினார், சாலார்ஜங் மியூசியம், பிர்லா மந்திர் எல்லாம் காட்டிவிட்டுக் கோல்கொண்டா கோட்டைக்கு அழைத்துப் போவது ஹைதராபாத் தமிழர்களான நம் வழக்கம். கோட்டை வாசலில் கைதட்டினால் உச்சியில் கேட்கும் அதிசயத்தைக் காட்டுகிறோம். ஆனால் ராமதாஸர் சிறையை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் அது.

ராமதாஸரின் இயற்பெயர் கஞ்சர்ல கோபண்ணா. 17-ஆம் நூற்றாண்டில், குதுப்ஷாஹி வம்சத்தின் கடைசி சுல்தான் அபுல் ஹஸன் தானாஷா காலத்தில் பத்ராசலம் பகுதிக்குத் தாசில்தாராக இருந்தவர். கோதாவரிக் கரையில் ராமனுக்குக் கோயில் கட்ட அரசாங்க வரிப்பணத்தைச் செலவழித்தார் என்பது அவர் மீதான குற்றம். 12 ஆண்டுகள் சிறையில் கிடந்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

பக்தர் என்றால் வாய் திறவாமல் பொறுத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? ராமதாஸர் அப்படி இல்லை. ராமனோடு சண்டையே போடுகிறார். சீதைக்கும் தம்பிமார்களுக்கும் செய்து போட்ட நகைகளின் செலவை ஒரு கீர்த்தனையில் கணக்குப் பார்த்து, "இது யார் வீட்டுப் பணம்?" என்கிற தோரணையில் கேட்கிறார். உடனேயே, அடி தாங்காமல் திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று கெஞ்சவும் செய்கிறார். நம் திருவையாற்றுத் தியாகராஜர் இவரைப் பக்தியோடு போற்றியிருக்கிறார்.

நீராவி என்ஜின் கொதிகலனில் பாதுகாப்பு வால்வு என்று ஒன்று உண்டு. அழுத்தம் அளவு மீறினால் நீராவியை வெளியே விட்டுவிடும். கொதிகலன் வெடிக்காது, உள்ளே நெருப்பும் அணையாது. ராமதாஸர் ராமனிடம் சொன்ன குறைகளும் அப்படித்தான். நெருங்கியவரிடம்தான் கோபித்துக்கொள்ள முடியும்.

ராம லட்சுமணர்களே சேவகர் வேடத்தில் வந்து பணத்தைக் கட்டி அவரை மீட்டார்கள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஆனால் விடுதலைக்கு முன்பே, அந்த இருட்டறைக்குள்ளேயே அவர் பாடிக்கொண்டிருந்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

சிறையில் அடைத்த சுல்தானின் கதையையும் சொல்ல வேண்டும். அரியணை ஏறுமுன் தானாஷா ஒரு சூஃபி மகானின் சீடராக எளிமையாக வாழ்ந்தவர். 1687-இல் ஔரங்கசீப்பின் படை கோட்டைக்குள் புகுந்து அவரைப் பிடிக்க வந்தபோது, பதறாமல் வழக்கமான நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தாராம். வந்த அதிகாரிகளையும் சாப்பிட அழைத்தாராம். ஏழ்மையைக் கொடுத்தவனும் அரசைக் கொடுத்தவனும் இறைவனே, இதுவும் அவன் சித்தமே என்று அவர் சொன்னதாக முகலாய வரலாற்றாசிரியர் காஃபிகான் எழுதியிருக்கிறார். பிறகு தௌலதாபாத் கோட்டையில் கைதியாக இருந்து 1699-இல் அங்கேயே காலமானார். ஒருவருக்கு ராமன், மற்றவருக்கு அல்லா. சிறை இருவருக்கும் வந்தது. தாங்கும் மனமும் இருவருக்கும் இருந்தது.

நமக்குக் கல்சுவர் இல்லை. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டில், ஊரில் பூட்டிய வீடு, டாக்டர் எழுதித் தந்த சீட்டு, பென்ஷன் கணக்கு என்று ஆளுக்கொரு சிறை இருக்கிறது. இவற்றை வேண்டுதல் மாற்றுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாலையில் விளக்கேற்றி, மனதில் உள்ளதை ஒளிக்காமல் ஆண்டவனிடம் கொட்டிவிட்டு, நேரத்துக்கு நிம்மதியாகச் சாப்பிட உட்கார நம்மால் முடியும்.