கறுப்பு டிரேயில் மின்சாரம் வடியும் வழி

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. மின்கம்பிக்கு அதை உறையாகப் போடுவதே அதற்காகத்தான். சில இடங்களில் இந்தக் குணமே தொல்லையாகிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் வட்டாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் பெருகியிருக்கின்றன. இத்தகைய ஆலைகளில் சிப்பையும் சர்க்யூட் போர்டையும் சாதாரண பிளாஸ்டிக் டிரேயில் வைத்து எடுத்தால், உரசலில் சேரும் நிலைமின்சாரம் போக வழியின்றித் தேங்கி, சட்டென்று சிப்பின்மேல் பாய்ந்துவிடும். கையில் சுருக்கென்று உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டிலேயே பழுதாகும் சிப்புகள் உண்டு. அதற்காக டிரே தாமிரம்போல் கடத்தவும் கூடாது. அப்போதும் மின்சுமை ஒரேயடியாகப் பாயும். மேற்பரப்பின் மின்தடை 10 ஆயிரம் ஓமுக்கும் 10 ஆயிரம் கோடி ஓமுக்கும் இடையில் இருந்தால், சுமை மெல்ல வடிந்துவிடும்.

இதற்குப் பிளாஸ்டிக்கில் கார்பனைக் கலக்கிறார்கள். பழைய வழி கார்பன் பிளாக் என்னும் கரித்தூள். புதியது கார்பன் நானோகுழாய் என்னும் மிக நுண்ணிய கார்பன் குழாய். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-ல் எழுதிய கட்டுரையால் இக்குழாய்கள் உலகின் கவனத்துக்கு வந்தன. கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்த புலிக்கல் அஜயன், பிரான்ஸில் சக ஆய்வாளர்களுடன் 1994-ல் அவற்றை ரெசினில் கலந்து, மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக், ரெசின் போன்ற பாலிமரோடு நானோகுழாயைச் சேர்த்த முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் கடத்தும் திறனும் அப்படியே கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு. முதலில் மாற்றமே தெரியாது. குறிப்பிட்ட ஓர் அளவைத் தாண்டியதும் லட்சம் மடங்கு, கோடி மடங்கு என எகிறும். கோடையில் ஒகேனக்கல்லில் பாறைக்குப் பாறை தாவி ஆற்றைக் கடப்பதுபோல்தான் இது: இடையில் ஒரு பாறை இல்லையென்றால் மற்ற நூறு பாறைகளும் வீண். கரை முதல் கரை வரை தொடர் அமைவதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவே வாசல் அளவு. உருண்டையான கரித்தூளுக்கு இது பொதுவாக எடையில் 5 முதல் 20 சதவீதம். நானோகுழாய் 10 நானோமீட்டர் தடிமனுக்குச் சில மைக்ரோமீட்டர் நீளம் இருப்பதால், பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள்ளேயே தொடர் அமைந்துவிடும். 2003-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எப்பாக்ஸியில் 0.0025 சதவீதத்தையே எட்டினார்கள். கிலோவுக்கு வெறும் 25 மில்லிகிராம்!

தொடர் என்றாலும், குழாய்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே மெல்லிய பாலிமர் படலம் இருக்கும். அது ஓரிரு நானோமீட்டர் என்றால், குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான் அதை ஊடுருவிப் போய்விடும். படலம் சற்றே தடித்தாலும் மின்தடை பல மடங்கு ஏறும். ஆக, கலவையின் தடை பெரிதும் இருப்பது குழாயில் அல்ல, குழாய்களுக்கு இடையிலான சந்திப்புகளில். தனிக் குழாய் எவ்வளவு நன்றாகக் கடத்தினாலும் கலவை அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவாகக் கடத்துவது இதனால்தான்.

கலக்கும் வேலையின் சிக்கலும் இங்கேதான். குழாய்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகும், பிரித்தாக வேண்டும். கேளா ஒலியால் மிதமிஞ்சிக் குலுக்கினால் அவை ஒடிந்து குட்டையாகும். அமிலத்தில் ஊறவைத்தால் எளிதில் கலக்கும், ஆனால் சுவர் சிதைந்து கடத்துந்திறன் குறையும். ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பாலிமரால் போர்த்திவிட்டாலோ சந்திப்புகளே அடைபடும். சீராகப் பரவிய கலவையே சிறந்த கடத்தி என்ற எண்ணம் பாதிதான் சரி.

வார்ப்பிலும் கவனம் வேண்டும். ஒரே மூட்டைக் கலவைக் குருணையையே உருக்கி மோல்டுக்குள் வேகமாகச் செலுத்தினால், மேற்பரப்பை ஒட்டிய குழாய்கள் ஓட்டத்தின் திசையில் வரிசைகட்டி நிற்கும். ஒன்றையொன்று குறுக்கிடுவது குறையும். நிதானமாக வார்த்த டிரேயைவிட இப்படி வேகமாக வார்த்த டிரேயின் மேற்பரப்புத் தடை பல மடங்கு கூடலாம். அதைச் சூடாக்கி இளக்கினால் குழாய்கள் மெல்ல நகர்ந்து மீண்டும் வலையாகச் சேர்வதும் உண்டு.

கலவாத இரண்டு பாலிமர்களைச் சேர்த்து, குழாய்களை ஒன்றுக்குள் மட்டும் ஒதுங்கவைப்பது இன்னொரு உத்தி. குறைந்த இடத்தில் நெருங்கி நிற்பதால் சொற்பக் குழாயே போதும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூர்யசாரதி போஸின் குழு, இத்தகைய கலவைகளை மின்காந்த அலைகளைத் தடுக்கும் உறைகளுக்காக ஆராய்ந்துள்ளது.

சாதாரண டிரேக்களில் இன்னும் கரித்தூளின் ராஜ்ஜியம்தான், அது மலிவு. ஆனால் அளவு அதிகம் என்பதால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறும், கரியும் உதிரும். தூசியே ஆகாத சிப் பெட்டிகளுக்கும், பெட்ரோல் ஓடும் உரசலில் தீப்பொறி எழக்கூடாத வாகன எரிபொருள் குழாய்களுக்கும் நானோகுழாய்க் கலவை பயன்படுகிறது.