டிரெய்லர் ஏன் எதிர்த்திசையில் திரும்புகிறது?

ஜெர்மனியில், 3,500 கிலோ வரை கனமுள்ள டிரெய்லரைக் காரில் பூட்டி ஓட்டுவதற்குரிய ‘பிஇ’ உரிமத்தை நாடுவோர், செய்முறைப் பரீட்சையில் இடப்புற மூலையொன்றைச் சுற்றிப் பின்னோக்கி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கிறதே, அங்கேதான் அநுபவசாலிகளும் திகைப்பார்கள். ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பிப் பின்னே வந்தால் காரின் வால்புறம் வலப்பக்கம் நகர்கிறது. அதனோடு இணைந்த டிரெய்லரின் முன்முனையும் அப்பக்கமே தள்ளப்பட, டிரெய்லர் தன் அச்சை ஆதாரமாகக் கொண்டு சுழன்று பின்முனையை இடப்பக்கம் வீசுகிறது. இழுக்கும்போது சிறு கோணல் தானே நிமிர்ந்துவிடும். தள்ளும்போதோ அது க்ஷணத்துக்கு க்ஷணம் வளர்ந்து, இரு வாகனங்களும் கத்தரிக்கோலின் அலகுகளைப் போல மடிந்து மோதிக்கொள்ளும். ஆகையால் ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பற்றி, டிரெய்லர் போகவேண்டிய திசையிலேயே கையை மெல்ல நகர்த்துவது உத்தமம். கோணல் மிகுந்தால் சற்றே முன்னே சென்று நேராக்கிக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.