ஆளுநர் கிண்ணமும் நெடுந்தீவுக் குதிரையும்

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் ஆளுநர் கிண்ணப் பந்தயம். இலங்கைக் குதிரைப் பந்தயங்களில் அதற்குத்தான் முதல் மதிப்பு. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மருமகன், "மாமா, எங்கட யாழ்ப்பாணத்துக்கும் குதிரைக்கும் ஏதும் சம்பந்தம் இருக்கா?" என்று கேட்டான். "நுவரெலியாவுக்கு முந்தியே இருக்குது மகன்" என்றேன். அந்தப் பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

நுவரெலியாவில் பந்தயம் தொடங்கியது 1875இல், தோட்டத் துரைமாரின் காலத்தில். கொழும்பு கறுவாத்தோட்டத் திடல் 1893இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது விமான ஓடுபாதையாக மாறியது. 1956க்குப் பின் நாட்டில் பந்தயம் நின்றுபோய், 1981இல் நுவரெலியாவில் மீண்டும் தொடங்கியது.

அங்கே ஓடுகிற குதிரைகள் 'தொரோபிரெட்' எனும் உயர்குலத்தவை. இங்கிலாந்தில் உருவான குலம் என்றாலும், தந்தை வழியில் அவை எல்லாம் கீழைத்தேயத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட மூன்று ஆண் குதிரைகளின் வாரிசுகள். அவற்றில் ஒன்றான டார்லி அரேபியன், 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து போனது.

ஆனால் வெளிநாட்டுக் குதிரை அதற்கு ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே எங்கள் கடலுக்கு வந்துவிட்டது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பரதேசி வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. குதிரை கொண்டுவருபவனுக்கு ஏன் இந்தச் சலுகை? அரசனுக்குக் குதிரை அவ்வளவு தேவைப்பட்டது. அக்காலத்துக் கடல்வழிக் குதிரை வணிகத்தில் அரபு, பாரசீக முஸ்லிம்களின் கை ஓங்கியிருந்தது.

அடுத்த நூற்றாண்டில் எதிர்க்கரையான பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துப்போனதையும் குறித்திருக்கிறார். வாங்குவது லேசு, வளர்ப்பதுதான் கஷ்டம்.

நெடுந்தீவின் கதையும் அதுதான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். லாயத்தின் இடிபாடு இன்றும் நிற்கிறது. அவர்கள் போனபின் குதிரைகளின் சந்ததி ஆளில்லாமல் புல்வெளியில் திரிகிறது. 2015இல் அங்கே தேசியப் பூங்கா பிரகடனமானது. ஆனாலும் கோடை நீண்டால், குளம் வற்றினால், குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகின்றன.

பந்தயத்தில் பணம் கட்டுவது நமக்கு ஹராம். ஆனால் தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்து மன்னிப்புப் பெற்றவரின் ஹதீஸை மதரசாவில் ஓதித்தான் வளர்ந்தோம். மருமகனிடம் நான் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "நுவரெலியாக் குதிரைக்கு லாயமும் ஆளும் இருக்குது. நெடுந்தீவுக் குதிரைக்குக் கிண்ணம் வேணாம், கோடையில ஒரு தொட்டித் தண்ணி போதும்."