சரளி வரிசையும் பிள்ளைக் குரலும்

கர்நாடக இசை வகுப்பில் சேரும் குழந்தைக்கு முதலில் கற்பிக்கப்படுவது பாட்டு அன்று. ஏழு சுரங்களை ஏறியும் இறங்கியும் பாடும் சரளி வரிசையே. இப்பாடமுறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பது மரபு. சரளியை அடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்து இரண்டாவதில் அழுத்தம் தரும் ஜண்டை வரிசை, சுரங்களைத் தாண்டித் தாண்டிச் செல்லும் தாட்டு வரிசை, ஏழு தாளங்களில் அமைந்த அலங்காரம் ஆகியவை வருகின்றன. கீதமும் வர்ணமும் அதற்குப் பிறகுதான். சேர்த்த மூன்றாம் மாதமே 'பாட்டு எப்போது?' என்று கேட்கும் பெற்றோருக்கு இவை வீண் தாமதமாகத் தோன்றினாலும், குரல் பண்படுவது இவ்வரிசைகளில்தான்.

வரிசைகள் அனைத்தும், ஏழு சுரங்களும் முழுமையாக அமைந்த 72 மேளகர்த்தா ராகங்களுள் 15ஆவதான மாயாமாளவகௌளையில் பாடப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. இந்த ராகத்தை ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தால், சட்ஜமும் ரிஷபமும் அடுத்தடுத்த கட்டைகளில் ஒட்டி நிற்பதையும், ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே இரண்டு கட்டைகள் விடுபடுவதையும், காந்தாரமும் மத்திமமும் மீண்டும் ஒட்டி நிற்பதையும் காணலாம். பஞ்சமம் முதல் மேல் சட்ஜம் வரையிலும் இதே அமைப்புத் திரும்ப வருவதால், கீழ்ப்பாதியைச் சரியாகப் பிடித்த குழந்தைக்கு மேல்பாதி எளிதாகிறது. நெருங்கிய சுரங்களையும் விலகிய சுரங்களையும் பிரித்துக் கேட்கும் செவிப்பயிற்சியும் உடன் கிடைக்கிறது.

தாளத்தைக் கை காக்கிறது. ஆதி தாளத்தில் ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர் தட்டும் வீச்சும் இருமுறை என எட்டு எண்ணிக்கைகள் உள்ளன. ஒரே வரிசையை முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரமாகவும், இரண்டாம் காலத்தில் இரண்டாகவும், மூன்றாம் காலத்தில் நான்காகவும் பாட வேண்டும். பாட்டு விரையும்போது கையும் சேர்ந்து ஓடிவிடுவது தொடக்கநிலைப் பிள்ளைகளிடம் பொதுவாகக் காணப்படும் பிழையாகும்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது சுருதி, அதாவது பாடுபவர் தமக்கு அடிப்படையாகக் கொள்ளும் சட்ஜத்தின் நிலை. இதைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். ஆண் பாடகர்களுக்கு ஒரு கட்டையை ஒட்டிய சுருதியும், பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஐந்து கட்டையை ஒட்டிய சுருதியும் பெரும்பாலும் ஒத்துவரும். ஆசிரியர் தம் குரலுக்கு வசதியான சுருதியிலேயே வகுப்பு முழுவதையும் பாடவைத்தால், பிள்ளைகள் கீழ்ச் சுரங்களில் ஓசையின்றி முணுமுணுப்பார்கள், அல்லது மேல் சுரங்களில் கத்துவார்கள். முகவாய் மேலே தூக்கிக்கொள்வதும் கழுத்து நரம்பு புடைப்பதும் சுருதி பொருந்தவில்லை என்பதற்கான அடையாளங்கள். தொலைக்காட்சிப் போட்டிக்காகப் பெரியவர்களின் திரைப்பாடலை அவர்கள் பாடிய சுருதியிலேயே பிள்ளைகளைப் பாடவைப்பதும் இத்தகைய கொடுமைதான். கைதட்டல் அதை மறைத்துவிடுகிறது.

பருவமடையும் காலத்தில் சிறுவர்களின் குரல்வளை விரைவாக வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரையிலான தொலைவு, கீழே இறங்குகிறது. இதையே தமிழில் மகரக்கட்டு என்பர். சிறுமியரின் குரலும் மாறினும், அம்மாற்றம் சிறிது. நேற்றுவரை எட்டிய சுரம் இன்று உடைந்துபோவதைக் கண்டு வெட்கி வகுப்பையே விட்டுவிடும் சிறுவர் பலர். அதற்குத் தேவையில்லை. சுருதியை இறக்கி, மேல் ஸ்தாயியைச் சில காலம் தவிர்த்து, நாள்தோறும் சிறிது நேரம் மெல்லப் பாடிவந்தால், குரல் நிலைத்தபின் பழைய பாடங்களைப் புதிய கட்டையில் தொடரலாம். அதுவரை பொறுத்திருக்கப் பெற்றோரும் ஆசிரியரும் முன்வர வேண்டும்.